மெமோ வந்ததா? நிரூபிக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள்

சார்ஜ் மெமோ கைக்கு வந்ததும் பலர் பதறிப்போய், தங்கள் மேல் தவறில்லை என்பதற்குச் சான்று தேடி ஓடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ஒன்று நடந்ததாக யார் சொல்கிறாரோ, நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. 1872 சாட்சியச் சட்டத்தில் 101ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமின் 104ஆவது பிரிவாகத் தொடர்கிறது. அலுவலக உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் முழுதாகப் பொருந்தாவிட்டாலும் இந்த அடிப்படை பொருந்தும்.

ஆகவே குற்றச்சாட்டைத் தெளிவாக மறுத்து, குறித்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நிர்வாகம் நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். அதன் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். பஞ்சாப் நேஷனல் வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில், முதல் தகவல் அறிக்கை மட்டுமே சாட்சியம் ஆகிவிடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு எச்சரிக்கை. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உள்விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். அங்கே விடுதலையானவருக்கு இங்கே வேலை தானாகத் திரும்பி வராது.

தொழிலாளர்கள் அதிகம் சறுக்குவது 240 நாள் கணக்கில்தான். முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்தவரை நோட்டீஸும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடாது. ஆனால் அத்தனை நாள் வேலை செய்ததாகச் சொல்பவர் தொழிலாளி. எனவே நிரூபிக்க வேண்டியவரும் அவரே. பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்று 2002இல் ஹாடிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. தினக்கூலிக்கு யார் நியமன ஆணை தருகிறார்கள்? சம்பளச் சீட்டே தராத இடங்கள் எத்தனை! பிறகு வந்த எல்லாட்டி வழக்கில் நீதிமன்றம் இதை உணர்ந்தது. தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலையும் வருகைப் பதிவேட்டையும் தாக்கல் செய்யும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம். இருந்தும் நிர்வாகம் மறைத்தால், வழக்கின் நிலையைப் பொறுத்து அதற்குப் பாதகமாக நீதிமன்றம் முடிவெடுக்க இடமுண்டு. எனவே ஆவணம் முதலாளியிடம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

சம்பளப் பாக்கியில் இந்தப் பொறுப்பு கைமாறும். தவறாக நீக்கப்பட்டவர், இடைப்பட்ட காலத்தில் தனக்கு வேறு வருமானமுள்ள வேலை இல்லை என்று சொன்னால் போதும். இருந்தது என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. 2013இல் தீபாலி சுர்வாசே வழக்கில் வந்த தீர்ப்பு இது, நியாயமான தீர்ப்பு.

மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கினார்களா? மிரட்டல் நடந்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அன்றைக்கே மின்னஞ்சலில் ஆட்சேபத்தைப் பதிவு செய்யுங்கள். மாதங்கள் கழித்துச் சொன்னால் எடுபடுவது கடினம்.

வேலையில் இருக்கும்போதே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகல்களை உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேர்த்து வையுங்கள். அலுவலகக் கணக்கு முடக்கப்படும் நாளில் அதில் உள்ளவற்றைத் திறக்க முடியாது.