புயலைப் பார்ப்போம், படக்கதை வரைவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஓட்டப்பிடாரம்)

முன்னுரை

கடலோர மாவட்டத்தில் வாழும் நமக்குப் புயல் புதியதன்று. ஐப்பசி பிறந்துவிட்டால் வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் வங்கக் கடலைப் பற்றியே பேசுகின்றன. நாமோ, “நாளை பள்ளிக்கு விடுமுறையா?” என்று கேட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். ஆனால் அதே புயலை ஒரு படக்கதையாக வரைய உட்கார்ந்து பாருங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசும்? மேகம் எப்படி இருக்கும்? துறைமுகத்தில் எதை ஏற்றுவார்கள்? விடை தெரியாமல் ஒரு கட்டம்கூட வரைய இயலாது. ஆகவே புயலைக் கவனிக்கக் கற்பதற்குப் படக்கதை நல்லதொரு வழி என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

படக்கதை

நமக்கு அருகிலுள்ள சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த முத்து காமிக்ஸை நம் பெற்றோர் பலர் படித்திருப்பர். இன்று படக்கதை கைப்பேசிக்கும் வந்துவிட்டது. தென் கொரியாவில் 2000-க்குப் பின் வளர்ந்த முறையில், கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு செல்லும். விரலால் தள்ளிக்கொண்டே படிக்கலாம். புயலுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். மேலே வானம், நடுவே காற்று, கீழே நிலம் என்று இயற்கையின் வரிசையிலேயே வரையலாம். தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்பினாலும் போதும்.

காற்றை வரைவது எப்படி?

காற்று கண்ணுக்குத் தெரியாது. அது அசைக்கும் பொருளைத்தான் வரைய முடியும். இதை முறைப்படுத்தியவர் ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட். 1805-இல் அவர் காற்றின் வேகத்தைக் கப்பல் பாய்களின் நிலையைக் கொண்டு எண்களாக வகுத்தார். பின்னர் நிலத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. இலை சலசலத்தால் எண் 2. சிறு மரங்கள் ஆடினால் எண் 5. சுள்ளிகள் முறிந்து, எதிர்க்காற்றில் நடப்பதே கடினமானால் எண் 8. ஓட்டப்பிடாரத்துக் கரிசல் காட்டில் இதற்குப் பனைமரம் ஒன்றே போதும். வாடை வடக்கிலிருந்து வீசும். எனவே ஓலை தெற்கே சாய வேண்டும். கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு மேற்கே சாய வேண்டும். ஓலை சாயும் பக்கத்தைப் பார்த்தே, படிப்பவர் காற்றின் பெயரைச் சொல்லிவிடலாம்.

மேகங்களை வரைவது எப்படி?

மேகங்களுக்கு இன்று வழங்கும் அறிவியல் பெயர்களுக்கு அடிப்படை இட்டவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவார்டு. 1803-இல் அவர் வெளியிட்ட பாகுபாட்டில் கீற்று மேகம், திரள் மேகம், படலை மேகம் ஆகியவை முதன்மையானவை. புயல் தொலைவில் இருக்கும்போது உயரத்தில் வெண்மையான கீற்றுகள் தெரியும். பிறகு வெயில் மங்கும்படி மெல்லிய படலம் மூடும். அதன் பின்னரே கறுத்த மேகங்கள் தாழ்ந்து வந்து, மழை விட்டுவிட்டுப் பெய்யும். முதல் கட்டத்திலேயே கருமேகத்தை வரைந்துவிட்டால், தப்பிக்கக் கிடைத்த நேரத்தை நாமே அழித்துவிட்டோம் என்று பொருள்.

சுழலும் திசை

‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848-இல் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் உருவாக்கினார். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. நம் பூமியின் வடபாதியில் புயல் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். சுவரொட்டிகளில்கூடச் சில நேரம் இதைத் தலைகீழாகக் காண்கிறோம்.

டச்சு நாட்டு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் ஓர் எளிய விதியைக் கூறினார். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், வடபாதியில் தாழ்வழுத்தம் நமது இடக்கைப் பக்கம் இருக்கும். வாடைக்கு முதுகு காட்டினால் நாம் தெற்கு நோக்கி நிற்போம். இடக்கை கிழக்கே கடலைக் காட்டும். புயல் அங்கேதான் இருக்கிறது! காற்று மெல்லக் கிழக்குக்குத் திரும்பினால், புயல் நமக்குத் தெற்கே செல்கிறது. மேற்குக்குத் திரும்பினால் அது வடக்கே செல்கிறது. இரண்டு கட்டங்களில் ஓலையின் சாய்வை மாற்றினாலே இந்தப் பாடம் முழுவதும் வந்துவிடும்.

துறைமுகக் கூண்டு

நம் ஊரில் பிறந்த வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் ‘3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தியில் கேட்கிறோம். இக்கூண்டும் ஒரு படமொழியே. பகலில் கூம்பு, உருளை வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும்.

1, 2 : தொலைவில் கடலில் தாழ்வு மண்டலம் அல்லது புயல் உள்ளது.
3, 4 : துறைமுகப் பகுதிக்கே பலத்த காற்று அல்லது புயல் வரக்கூடும்.
5, 6, 7 : அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் அல்லது அதன் மீதே கடக்குமா என்பதைத் தனித்தனி எண் சொல்லும்.
8, 9, 10 : பெரும் அபாயம், கடுமையான புயல்.
11 : வானிலை நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது.

பதினோராவது எண்ணே மிகவும் அஞ்சத்தக்கது என்பது என் எண்ணம். மற்ற எண்கள் எல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. இது மட்டும் செய்தி இல்லை என்பதையே செய்தியாகச் சொல்கிறது.

வரலாறு தரும் மூன்று கதைகள்

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த யாவரும் மாண்டனர். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் அது 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. அக்காலத்தில் நம் கடலில் தோன்றும் புயல்களுக்குப் பெயர் கிடையாது. 2004 முதலே பெயர் சூட்டும் வழக்கம் வந்தது.

2017 நவம்பர் 29-இல் உருவான தாழ்வு மண்டலம், மறுநாளே கன்னியாகுமரிக்கு அருகில் ‘ஒக்கி’ புயலாகிவிட்டது. வங்காளதேசம் தந்த இப்பெயருக்குக் ‘கண்’ என்று பொருள். ஆனால் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்கு முன்பே சென்றிருந்த மீனவர் பலரைச் செய்தி எட்டவில்லை. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் எத்தனையோ வீடுகள் தந்தையை இழந்தன.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நம் மாவட்டத்தில் பெய்தது புயல் மழையே அன்று. பெயரும் இல்லாத மேலடுக்குச் சுழற்சிதான் அது. ஆயினும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அது அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலில் ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டனர். அருகிலுள்ள கிராமத்து மக்கள் சமைத்துக் கொடுத்து அவர்களைக் காத்தனர். பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று எண்ணலாகாது என்பதை இது கற்பிக்கிறது.

எட்டுக் கட்டங்கள்

தோழியரே, நீங்களும் வரைந்து பார்க்க ஓர் எளிய அமைப்பு இதோ:

1. வானில் வெண்கீற்று மேகங்கள்.
2. திசை மாறிய காற்று, சாய்ந்த பனையோலை.
3. துறைமுகத்தில் ஏறும் கூண்டு.
4. ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி சொல்லுதல்.
5. படகைக் கரையேற்றுதல், குடிநீர் நிரப்புதல், கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுதல்.
6. புயல்.
7. புயலின் மையம் நம் மீதே வந்தால் உண்டாகும் பொய்யான அமைதி. இப்போது எவரும் வெளியே வரக்கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அடிக்கும்.
8. மறுநாள் காலை.

எட்டில் ஐந்து கட்டங்கள் புயலுக்கு முந்தியவை என்பதைக் கவனியுங்கள். சினிமாவில் ஆறாவது கட்டமே பெரிதாகக் காட்டப்படும். உயிர் காப்பதோ அதற்கு முந்திய ஐந்துதான்.

எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சியிடம் இவ்வரிசையில் வரைந்த படங்களைக் காட்டினேன். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, “கூண்டு கரையில ஏறுது. கடலுக்குள்ள கிடக்கிறவனுக்கு அதை யாரு தாயி சொல்லுவா?” என்று கேட்டார்கள். ஒக்கியின் துயரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. அதனால்தான் நான்காவது கட்டத்தை எல்லாவற்றிலும் அகலமாக வரைய வேண்டும் என்கிறேன்.

வரைபவர் நினைவிற்கொள்ள வேண்டியவை

வானத்தை மாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ பார்த்தால் போதும். அலையைப் படம் பிடிக்கக் கடற்கரைக்குச் செல்லக் கூடாது. இடி இடித்தால் மாடியை விட்டும் இறங்கிவிட வேண்டும். அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய ‘ஸ்கைவார்ன்’ என்னும் தொண்டர் அமைப்பிலும் முதலில் பாதுகாப்பையே கற்பிக்கின்றனர்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால்தான் அதற்குப் புயல் என்று பெயர். வானிலை நிலையம் சொல்லாததை நாமாகப் படத்தில் எழுதிப் பரப்புவது வதந்தியாகும்.

மாண்டவர்களை வேடிக்கைப் பொருளாக வரையலாகாது. தனுஷ்கோடி ரயிலை வரைவதானால், அலைக்கு முன் இருளில் தெரியும் அதன் விளக்கொளியோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

முடிவுரை

வருங்காலப் புயல்களுக்கென இந்தியா தந்துள்ள பெயர்களுள் ‘முரசு’ என்ற நம் தமிழ்ச்சொல்லும் ஒன்று. முரசு என்பது ஊரைக் கூட்டிச் செய்தி சொல்லும் கருவி. கையில் பென்சில் உள்ள ஒவ்வொரு மாணவியும் தன் தெருவுக்கு ஒரு முரசாகலாம். நாம் வரையும் படம் அழகில் குறைந்திருக்கலாம். ஓலை சாயும் திசையும் கூண்டின் எண்ணும் சரியாக இருந்தால், அதைப் பார்த்து ஒரு வீடாவது முன்கூட்டியே மேட்டுக்குச் செல்லும். அதற்காகவே வானத்தைக் கவனிப்போம்; கண்டதைக் கண்டபடி வரைவோம்.