இடுக்கு வழியே நுழையும் சத்தம்

கடற்படையில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ரைஃபிள் கிளப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுத் தருகிறேன். காதில் மாட்டும் மஃப் எந்தக் கம்பெனி நல்லது என்று பெற்றோர் கேட்பார்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், காதைச் சுற்றி இடுக்கில்லாமல் உட்கார்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்பேன்.

அது கப்பலில் படித்த பாடம். எங்களுடையது சோவியத் நாட்டில் கட்டிய நாசகாரி. முன்தளத்தில் இரட்டைக் குழல் 76 மில்லிமீட்டர் பீரங்கி. ‘ஆக்‌ஷன் ஸ்டேஷன்’ என்று அறிவித்ததும் ஆன்டி-ஃபிளாஷ் மாட்டிக்கொள்வோம். தீச்சுவாலை முகத்தையும் கையையும் பொசுக்காமலிருக்க வெள்ளைத் துணி முக்காடும் நீளக் கையுறையும். பையன்கள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மஃபை வைத்துவிடுவார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் மஃபின் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே துணி மடிந்து கிடக்கும். அந்த மடிப்பு போதும், சத்தம் உள்ளே போக. பீரங்கி பக்கவாட்டில் திரும்பிச் சுடும்போது, உள்ளே குண்டு ஏற்றுகிறவனைவிட பிரிட்ஜின் ஓரத்தில் வெட்டவெளியில் நிற்கும் லுக்-அவுட்டுக்குத்தான் அடி பலம். எங்கள் சீஃப் பாலக்காட்டுக்காரர். வரிசையாக ஒவ்வொருவன் காதையும் தொட்டுப் பார்ப்பார். “மொதல்ல காதுக்குள்ள, அப்புறம்தாண்டா காதுமேல” என்று சொல்லி, நுரை பிளக்கைச் செருக வைத்துவிட்டுத்தான் முக்காட்டையே போடவிடுவார்.

இன்னொரு இடுக்கு, ஆர்டர் காதில் விழவில்லை என்று ஒரு பக்கத்து மஃபை மட்டும் தூக்கிப் பிடிப்பது. சுடச் சொன்ன குண்டு வெடிக்காமல் நின்றுவிட்டால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்த அமைதியில் கை தானாக மஃபுக்குப் போகும். அந்தக் குண்டு எந்த நொடியும் வெடிக்கலாம் என்பதால்தானே காத்திருக்கிறோம்! ரேஞ்சிலும் இதேதான். தன் முறை முடிந்ததும் பையன் மஃபைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வான்; பக்கத்து லேனில் இன்னொருவன் சுட்டுக்கொண்டிருப்பான்.

பெரிய சத்தம் வந்தால் நடுச்செவியில் ஒரு சின்னத் தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகலாம். வெடிச்சத்தமோ சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். காவல்காரன் எழுந்து உட்காருவதற்குள் திருடன் தெருமுனையைத் தாண்டிவிட்ட கதை. உட்செவியின் மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் சுருதி. அதனால்தான் பாதிப்பு பல வருஷம் தெரியாமலே இருக்கும். அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் ‘பல்’லும் ‘கல்’லும் ஒன்றாகிவிடும். என்னோடு கன்னரி படித்த தூத்துக்குடிக்காரன் ஒருவன் இருக்கிறான். புயலிலும் கேட்கட்டும் என்றுதான் கப்பலில் ஆர்டர் கொடுக்க வாயால் ஊதும் விசிலை அவ்வளவு கீச்சென்று வைத்தார்கள். பழைய ஆட்கள் கூடிய இடத்தில் யாரோ அதை ஊத, “காத்துதாண்டா வருது” என்றான். ராத்திரியானால் அவன் காதில் ஙொய்யென்று ஒரு சத்தம் மட்டும் ஓயாமல் கேட்கிறதாம்.

‘.22 துப்பாக்கிதானே சார், பட்டாசு மாதிரி’ என்று என்சிசி பிள்ளைகள் சொல்வதுண்டு. பட்டாசுக்கே 4 மீட்டர் தள்ளி 145 டெசிபல் உச்சம் என்று நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. திடீர் சத்தத்துக்கு 140-ஐத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை; .22 ரைஃபிளே அதை ஒட்டி வரும். 12 போர் துப்பாக்கி 150-ஐத் தாண்டிவிடும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுதான்.

நுரை பிளக்கை அப்படியே திணித்தால் பாதிதான் போகும். மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். வெளிச் சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மஃபில் நம் ஊர்க்காரருக்கு இரண்டு தொல்லை. ஒன்று கண்ணாடி: தடித்த ஃபிரேமின் கம்பி மெத்தையைத் தூக்கிவிடும். மெல்லிய கம்பி ஃபிரேம் வாங்குங்கள், அல்லது உள்ளே பிளக்கும் போடுங்கள். மற்றது வியர்வை. மெத்தை விறைத்து வெடித்துவிடும். மாற்று மெத்தை கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. ரைஃபிள்காரர் கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது பருமனான மஃப் இடித்து விலகும். அவர்களுக்கு ஒல்லியானதுதான் சரி.

நுரை பிளக் டப்பாவில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகத்தில் அளந்தது. சராசரி ஆள் போட்டுக்கொண்டால் பாதி கிடைத்தால் பெரிது. பிளக், மஃப் இரண்டையும் போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்று தருவதற்கு மேல் ஏறக்குறைய 5 டெசிபல்தான் சேரும். ஆனாலும் கூரை போட்ட ரேஞ்சில் நான் இரண்டையும் போடாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. பேச்சை உள்ளே விட்டு வெடியை அடக்கும் எலக்ட்ரானிக் மஃப் விலைதான். ஆனால் ஆர்டர் கேட்க யாரும் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பஞ்சு எதற்கும் உதவாது. காலித் தோட்டா உறையைக் காதில் செருகுகிற புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். அது உள்ளே சிக்கினால் ஆபத்து.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு காது அடைத்துக்கொண்டோ ஙொய்யென்றோ இருந்து மறுநாளும் தெளியாவிட்டால், காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். முதல் சில நாளில் செய்கிற வைத்தியம்தான் ஓரளவாவது பலன் தரும்.