செலவும் நட்பும்

நுழையும்முன்

ஊர்சுற்றிப் பார்ப்பதற்கு மிகுந்த பொருள் வேண்டும் என்பது பலரின் எண்ணம். விடுமுறையில் இரண்டு நாள்களும், உடன்வர ஒரு நண்பரும், அளவறிந்து செலவிடும் மனமும் இருந்தால் பெருநகரையும் பொருளுணர்ந்து காணலாம். சென்னையின் தரமணியிலிருந்து மேற்கொள்ளத்தக்க ஒரு சிக்கனப் பயணத்தை இப்பாடம் விளக்குகிறது.

செலவு என்னும் சொல்

இன்று நாம் பணத்தைச் செலவிடுதல் என்னும் பொருளில் வழங்கும் ‘செலவு’ என்னும் சொல், சங்க இலக்கியத்தில் செல்லுதலை, அதாவது பயணத்தைக் குறித்தது. தலைவன் தன் பயணத்தைத் தவிர்த்து நிற்பது ‘செலவழுங்கல்’ எனப்பட்டது. பயணம், பணம் ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது.

பயணிக்கு வழிகாட்டுவதும் நமக்குப் புதிதன்று. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையுற்று எதிர்வரும் கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களையும் அங்குக் கிடைக்கும் உணவையும் கூறி, நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் காட்டுகிறது. கையில் பொருளில்லாதவரே அந்நூல்களின் பயணிகள் என்பது எண்ணத்தக்கது.

பொதுப்பை

நெருங்கிய நண்பர் இருவரின் கைப்பொருள் எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஒருவர் எளிதில் செலவிடும் நூறு ரூபாய், மற்றவர் வீட்டில் ஒருநாள் காய்கறிச் செலவாக இருக்கலாம். பள்ளியில் தெரியாத இவ்வேறுபாடு, பயணத்தில் உணவகத்தின் வாயிலில் தெரிந்துவிடும். பொருளுடையவர் ஒவ்வொரு முறையும் “நானே தருகிறேன்” என்று முன்வருவது அன்பின் செயலே. ஆயினும், பெற்றுக்கொள்பவரின் மனம் சிறுகச் சிறுகக் கூசும். “எனக்குப் பசியில்லை” என்று அவர் சொல்லத் தொடங்கினால், நட்பில் முதல் பொய் நுழைந்துவிட்டது என்று உணர வேண்டும்.

இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. புறப்படும்முன் இருவரும் அமர்ந்து பேசுக. தொகையை முதலில் கூறும் உரிமையைப் பொருள் குறைந்தவருக்கு அளித்திடுக. அவர் வருத்தமின்றித் தரக்கூடிய தொகையையே மற்றவரும் இடுக. இரண்டு தொகையும் ஒரே பையில் சேரட்டும்; உணவு, பயணச்சீட்டு அனைத்தும் அப்பையிலிருந்தே செல்லட்டும். கணக்கை முதல்நாள் ஒருவரும் மறுநாள் மற்றவரும் எழுதுக.

கோப்பெருஞ்சோழன் அரசன், பிசிராந்தையார் புலவர். நேரில் கண்டிராத அப்புலவர் வருவார் என நம்பி, வடக்கிருந்த அரசன் தன்னருகே அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். நண்பருக்கு நாம் ஒதுக்கும் இடமும் நமக்கு நிகரானதாக இருத்தல் வேண்டும்.

முதல் நாள்: பறக்கும் தொடர்வண்டி

பயணத்தில் பெருஞ்செலவு தங்குமிடத்திற்கே ஆகும். பெற்றோர் அறிந்த உறவினர் இல்லத்தில் தங்கினால் அச்செலவு குறையும். நகருக்குள் செல்லப் பறக்கும் தொடர்வண்டி ஏற்றது. இதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 1995இல் கடற்கரை நிலையத்திற்கும் சேப்பாக்கத்திற்கும் இடையே தொடங்கிய இத்தடம், 2007இல் தரமணியைக் கடந்து வேளச்சேரி வரை நீண்டது.

தரமணியில் ஏறி, வடக்கு நோக்கிச் செல்லும்போது சாளரத்தருகே அமர்க. கோட்டூர்புரத்தைக் கடந்ததும் அடையாறு தோன்றும். தடத்தை ஒட்டியும் தூண்களுக்கு இடையேயும் கருமையாகத் தேங்கிக் கிடப்பது பக்கிங்காம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி, தாதுவருடப் பஞ்சத்தின்போது 1877–78இல் வெட்டப்பட்டது. உணவின்றி வாடிய மக்கள் கூலிக்காகத் தோண்டிய கால்வாய் அது. குளிரூட்டிய மகிழுந்தில் விரைபவருக்கு எளிதில் புலப்படாத இவ்வரலாறு, 5 ரூபாய்ப் பயணிக்குக் கண்ணெதிரே விரிகிறது.

திருமயிலையில் இறங்கிக் கபாலீசுவரர் கோவிலையும் மாடவீதிகளையும் நடந்தே காணலாம். மீண்டும் ஏறித் திருவல்லிக்கேணியில் இறங்கினால், பாரதியார் தம் இறுதி நாள்களைக் கழித்து 1921இல் மறைந்த இல்லத்தைப் பார்க்கலாம். மகளிர், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். குறைந்த விலையில் உணவளிக்க மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில், இட்டிலியின் விலை 1 ரூபாய் என்றே அமைந்தது.

இரண்டாம் நாள்: தரமணியின் செல்வம்

கணினி நிறுவனங்களால் அறியப்படும் தரமணியில் தமிழின் கருவூலங்களும் உள்ளன. 1970இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இங்கு இயங்குகிறது. அங்குள்ள பழந்தமிழர் வாழ்வியல் காட்சிக்கூடம் மாணவர் காணத்தக்கது.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இங்குதான் உள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் பழைய நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் ஒதுக்கியவற்றையெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் இந்நூலகம் உருவாயிற்று. எளிய வருவாயுடைய ஒருவரின் சேமிப்பு, இன்று உலகெங்கும் உள்ள ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. இவ்விடங்கள் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்து செல்க.

மாலையில் திருவான்மியூர்க் கடற்கரைக்குச் செல்லலாம். அலையில் இறங்காது மணலில் அமர்ந்து உரையாடுக. பொதுப்பையின் கணக்கை அங்கேயே முடித்து, மீதியைச் சமமாகப் பிரித்துக்கொள்க. இருவரும் கடனாளியாகாமலும் கொடையாளியாகாமலும் வீடு திரும்பினால், அடுத்த பயணத்திற்கு ஒருவரையொருவர் தயக்கமின்றி அழைக்க முடியும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்ப் பயண இலக்கிய முன்னோடிகளுள் ஒருவரான ஏ.கே. செட்டியாரும் கோட்டையூரில் பிறந்தவரே. பல நாடுகளுக்குச் சென்று படச்சுருள்களைத் திரட்டிய அவர், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு வரும் நண்பருக்கு வழிகாட்டும் வகையில், ஆற்றுப்படைபோல் ஓர் உரைநடைக் கட்டுரை எழுதுக.
2. இருவர் மேற்கொள்ளும் இரண்டு நாள் பயணத்திற்கு வரவு செலவுத் திட்டம் ஒன்றை உருவாக்குக.
3. ‘நண்பருக்கு உதவுவதும் அவர் மனம் நோகாமல் உதவுவதும் ஒன்றா?’ – வகுப்பில் கலந்துரையாடுக.