மின்னோட்டத்தைத் தூய்மை செய்யுங் கருவி: அதனை வாங்குதல் தகுமா?

காட்டுப்பள்ளியைச் சூழ்ந்த பகுதி இயந்திரங்கள் மலிந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்குந் திறனோடு 2010-இல் தொடங்கப்பெற்ற ஆலையும், துறைமுகமும், அணித்தே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் ஆண்டுள்ளன. இத்தகைய இடத்தில் வாழும் இசையார்வலரிடம், "உங்கள் கம்பியில் வரும் மின்சாரம் அழுக்குடையது, பவர் கண்டிஷனர் இன்றி இனிய ஒலி கிட்டாது" என விற்போர் கூறுவர். அதன் விலையோ சில ஆயிரத்தில் தொடங்கிச் சில லட்சம் வரை செல்வது. மாதச் சம்பளத்தில் வாழ்வோர் இதனை ஆராயாது வாங்கலாகாது.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நேரே இசையாவதன்று. 230 வோல்ட்டு அளவில் விநாடிக்கு 50 முறை அலையும் மின்னோட்டத்தை ஆம்ப்ளிபையரினுள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் குறைக்க, அதன்பின் அது ஒருதிசைப்படுத்தப்பெற்று, பெரிய கண்டென்ஸர்களில் தேங்கி, மேடுபள்ளம் நீங்குகின்றது. ஆகவே நன்கு செய்த ஆம்ப்ளிபையர் தனக்கு வேண்டிய துப்புரவைத் தானே பெரிதும் செய்துகொள்கின்றது. மின்நிலையம் அருகிலிருப்பதால் கறந்த பால்போல் மின்சாரம் வருமென்று நினைப்பாரும் உளர்! 2013 டிசம்பர் 31 முதல் தென்னாட்டு மின்வலை ஏனைய இந்திய வலையோடு ஒன்றாயிற்று. அதில் அண்மை, சேய்மை என்பது பெரிதன்று.

ஆயினும் குறைகள் இல்லையென்பது எமது கருத்தன்று. வோல்ட்டு தாழ்ந்தும் உயர்ந்தும் வருமாயின் மீட்டர் கொண்டு அளந்து காண்க. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நூற்றுக்கு 6 பங்குக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வை வீட்டு மின்சாரத்திற்கு ஒப்பவில்லை. அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. இக்குறைக்கு ஸ்டெபிலைசரே மருந்து. வடிகட்டுதல் ஒன்றையே செய்யும் கண்டிஷனர் வோல்ட்டை நிலைநிறுத்தாது. இடிமின்னலால் எழும் திடீர் வேகத்தைத் தடுக்கச் சிறு விலைக் காப்புக் கருவிகள் உள.

ஓயாத 'ம்ம்' என்னும் ஓசையே பலரைக் கடைக்குத் துரத்துவது. பாட்டுக் கருவியை ஆம்ப்ளிபையரோடு பிணைக்குங் கம்பியைக் கழற்றியவுடன் அது நிற்குமாயின், இரு கருவிகளின் எர்த்து இணைப்புகளும் அக்கம்பியும் சேர்ந்து வளையமாகியிருத்தல் கூடும். இரண்டையும் ஒரே பலகையில் செருகிப் பார்க்க. எர்த்து முனையை ஒடித்துவிட்டால் ஓசை நிற்கும் என்பார் சொல்லை ஒருபோதும் கேளற்க. உள்ளே காப்புறை பழுதுபடின் கருவியின் உலோகப் பெட்டியைத் தொடுவார் உயிர்க்கே இறுதியாம். கடற்காற்றின் உப்பு எர்த்துக் கம்பியையும் இணைப்புகளையும் அரிக்குமாதலின், இவ்வூர்களில் அதனை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பித்தல் முதற்கடன்.

இவையாவும் செய்த பின்னும் ஆவல் நீங்காதாயின், கருவியை இரவல் பெறுக. ஒலியளவு மாறாதிருக்க, நீர் காணாதபடி நண்பரொருவர் காசைச் சுண்டி, ஒருகால் கண்டிஷனர் வழியும் ஒருகால் நேராகவும் இணைக்கட்டும். ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுக, இவ்வாறு பத்துமுறை. ஐந்தாறு சரியாதல் வெறும் ஊகத்தாலும் நிகழும். ஒன்பதோ பத்தோ சரியாதல் ஊகத்தால் 1024-இல் 11 பங்கே நிகழத்தக்கது. அவ்வளவு பெற்றவர் விலை பேசத் தொடங்கலாம்.