மரணப் படுக்கையருகே இருப்போருக்கு

வீட்டிலே ஒருவர் தீராத வியாதியாய்ப் படுத்திருக்கும்போது நாம் முதலாவது செய்கிற காரியம் என்ன? அவருக்குத் தெரியக்கூடாதென்று உண்மையை மறைக்கிறோம். வைத்தியரோடு வாசலில் நின்று மெதுவாய்ப் பேசுகிறோம்; கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "திருநாளுக்குள் எழுந்து நடப்பீர்கள்" என்கிறோம். நோயாளியோ அநேகமாய் அறிந்திருக்கிறார். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் மறைக்கிறார். ஆக, தம் பயத்தை அவர் தனியே சுமக்கிறார்.

அவர் கேளாததை வலிந்து சொல்லவேண்டியதில்லை. ஆனால் "நான் பிழைக்கமாட்டேனோ?" என்று கேட்டால், "அப்படிப் பேசாதேயுங்கள்" என்று வாயை அடைத்துவிடாதேயுங்கள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனதை அழுத்துவது சில வேளை மரணமே அல்ல. கொடுக்கவேண்டிய கடன், கலியாணமாகாத மகள், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பி. தம்பிக்கு ஆள் அனுப்புங்கள். பிரசங்கம் மாத்திரம் வேண்டாம். அதற்குச் சுவாமியார் இருக்கிறார்.

அந்தச் சுவாமியாரை அழைத்தால் நோயாளி பயந்துபோவாரென்று தாமதிப்பவர்கள் இன்றும் உண்டு. "அவஸ்தைப் பூசுதல்" என்ற பழைய பேரும் அதற்கு ஒரு காரணம். அதை நோயிற்பூசுதல் என்பதே அதிகத் தகுதியென்றும், சாகுந்தறுவாயிலுள்ளவர்களுக்கு மாத்திரம் உரியதல்லவென்றும் 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் அதன் சடங்கைச் சீர்ப்படுத்தினார். இப்போது நெற்றியிலும் கைகளிலும் தைலம் பூசப்படுகிறது. வியாதி முற்றினால் மறுபடியும் பெறலாம். மரித்தவருக்கோ கொடுக்க முடியாது. ஆகையால் நோயாளி தெளிந்த அறிவோடு பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கக்கூடிய வேளையிலேயே அழையுங்கள். சாகிறவர் வாங்கும் நன்மையைப் பயணத்துக்கு உணவென்று திருச்சபை சொல்லுகிறது.

வேதனைக்கு மார்பீன் கொடுக்கலாமா? பாவமென்று சிலரும், ஆளைக் கொன்றுவிடுமென்று சிலரும் பயந்து, முனகுகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வேதனையைத் தணிப்பதே நோக்கமாயிருந்து, வேறு வழியும் இல்லாதிருந்தால், ஆயுள் சற்றுக் குறையக்கூடுமானாலும் மருந்து கொடுப்பது ஆகுமென்று 1957 பிப்ரவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் தெளிவாய்ச் சொன்னார். வைத்தியர் அளவறிந்து கொடுக்கும் மார்பீன் வழக்கமாய் ஆயுளைக் குறைப்பதுமில்லை. வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது நோயாளியின் சொந்த இஷ்டம். மருந்தை மறுத்து அதை அவர்மேல் நாம் சுமத்துவது நியாயமல்ல.

கடைசி நாட்களில் பசி அற்றுப்போவது சுபாவம். கஞ்சியை வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிடுங்கள். கண்மூடிக் கிடந்தாலும் காது கேட்கக்கூடும். பக்கத்தில் நின்று சொத்தைப்பற்றியும் பெட்டியைப்பற்றியும் பேசாதேயுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சிறுவயதில் கற்ற ஜெபங்களை மெதுவாய்ச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை விரட்டவேண்டாம்.

அயலாருக்கு ஒரு வார்த்தை. இரவெல்லாம் கண்விழிக்கும் மருமகளை யாரும் விசாரிப்பதில்லை. "ஏதாவது வேண்டுமானால் சொல்லம்மா" என்று சொல்லிப் போய்விட்டால் அவள் சொல்லமாட்டாள். ஒருவேளைச் சோறு கொண்டுபோங்கள். அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நீங்கள் உட்காருங்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். அப்போதுதான் வந்த சனங்களெல்லாம் போய் வீடு வெறிச்சென்றிருக்கும்.