பழைய .375 ரைஃபிளை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் ஓசூர் பக்கம். இப்போது கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமம் எடுத்துவிட்டேன். வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்தாயிற்று. இதுவரை நண்பரின் .30-06 ரைஃபிளை இரவல் வாங்கித்தான் மான் வேட்டைக்குப் போய்வருகிறேன். இந்த ஆண்டு மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடுவதற்கான குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. உடன் வேலை செய்பவரின் மாமனார் தம் வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளை விற்கப் போகிறார். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். ஸ்கோப்பும் இரண்டு பெட்டித் தோட்டாவும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். "இருபது தடவைகூடச் சுட்டதில்லை" என்கிறார். பார்த்தால் புதிது மாதிரிதான் இருக்கிறது. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்து வளர்ந்தவன் என்பதால் பெரிய காலிபர் மேல் எனக்கு ஆசை உண்டு. கரடி நடமாடும் காடு, பெரியதாகவே வாங்கு என்று நண்பர்களும் சொல்கிறார்கள். வாங்கலாமா? வாங்குவதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

— ஒரு வாசகர், எட்மன்டன்

பதில்: விற்பவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். இருபது தடவைகூடச் சுட்டதில்லை என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பெரிய காலிபர் வேட்டை ரைஃபிள்கள் பழைய சந்தைக்கு வரும்போது அநேகமாக அப்படித்தான் வருகின்றன. ஆசையாக வாங்குவார்கள், ஒரு பெட்டித் தோட்டாவைச் சுடுவார்கள், தோள் கன்றிப்போகும். பிறகு அது அலமாரியிலேயே கிடக்கும். மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட .30-06 ரைஃபிள் தோளில் தரும் உதையைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கை, நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள .375 தரும். ஆகவே குழல் தேய்ந்திருக்குமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். அவர் ஏன் அதைச் சுடாமல் வைத்திருந்தார், அதே காரணத்துக்காக நீங்களும் சுடாமல் வைத்துவிடுவீர்களா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இந்தத் தோட்டாவை 1912இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. காட்டெருமை, சிங்கம், யானை உலவும் ஆப்பிரிக்காவில்தான் அது பேர் வாங்கியது. ஆபத்தான விலங்குகளை வேட்டையாட .375தான் மிகக் குறைந்த அளவு என்று அங்கே பல நாடுகளில் விதியே உண்டு. 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 770 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். ஆற்றல் கணக்கில் சுமார் 5,800 ஜூல். உங்கள் நண்பரின் .30-06, 180 கிரெய்ன் குண்டோடு 4,000 ஜூலை ஒட்டி நிற்கும்.

உங்கள் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைஃபிள். ஜவளகிரியிலும் சிவனிப்பள்ளியிலும் அவர் எழுதிய புலி, சிறுத்தைக் கதைகளில் அந்தத் துப்பாக்கியும் ஒரு பாத்திரமாகவே வரும். அது .375ஐவிடப் பலம் குறைந்தது. ஜிம் கார்பெட் 1926இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது .275 ரிக்பியால். கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். நினைத்தாலே மனம் கூசும் எண்ணிக்கை. அவற்றில் பெரும்பகுதியை அந்த ரிக்பியின் அதே 7 மி.மீ. வகைச் சிறு குண்டாலேயே வீழ்த்தினார். மூவருக்கும் பொதுவானது காலிபர் அல்ல. துப்பாக்கி அவரவர் கைக்கு அத்துப்படியாக இருந்தது, குண்டு எங்கே படவேண்டுமோ அங்கே பட்டது.

மூஸ் பெரிய விலங்குதான். வளர்ந்த ஆண் 450 கிலோவைத் தாண்டும். ஆனால் அது யானையோ காட்டெருமையோ அல்ல. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் கீழ்ப்பாதியில், இரண்டு நுரையீரலையும் துளைத்துச் செல்லும் நல்ல குண்டு ஒன்று போதும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் 6.5×55, .308 போன்ற நடுத்தரத் தோட்டாக்களாலேயே தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டை நடக்கிறது. நுரையீரலில் அடிபட்ட மூஸ் உடனே விழாமல் சற்று நேரம் நிற்கலாம், சில அடிகள் நடக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் துப்பாக்கியில் பலம் போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரிய காலிபரைத் தேடிப் போகிறார்கள். உங்கள் கைக்குப் பழகிய .30-06, கட்டுக்கோப்பான குண்டோடு, 200 மீட்டருக்குள் மூஸுக்குத் தாராளமாகப் போதும்.

கரடியைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதையும் பார்ப்போம். கிரிஸ்லி கரடி வேட்டை ஆல்பர்ட்டாவில் 2006லிருந்தே நிறுத்தப்பட்டுவிட்டது. பக்கத்து பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2017இல் முடித்துவைத்தார்கள். ஆக, தற்காப்பு மட்டுமே உங்கள் காரணமாக இருக்க முடியும். வெட்டிய மூஸ் இறைச்சி பக்கத்தில் கிடக்க, நீங்கள் குனிந்து வேலை செய்யும்போதுதான் கரடி வரும். அந்த நேரத்தில் ரைஃபிள் மரத்தில் சாய்ந்து நிற்கும், இடுப்பில் இருப்பது கரடி ஸ்பிரேதான். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகள் மேல் ஸ்பிரே அடித்த பத்துத் தருணங்களில் ஒன்பதில் அது பலித்தது தெரியவந்தது. .375 வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஸ்பிரே இல்லாமல் அந்தக் காட்டுக்குள் போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை தணியவில்லை என்றால், அதில் தவறே இல்லை. மாடல் 70ஐக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை. விற்பவரையும் கூட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போங்கள். மேசையில் சாய்ந்து சுட வேண்டாம், உதை முழுவதும் தோளில் இறங்கும். நின்றும் மண்டியிட்டும் சுடுங்கள். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு அவசியம். தோட்டாவை நீங்கள் போடாதீர்கள், அவரைப் போடச் சொல்லுங்கள். இடையிடையே உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டாவைப் போடட்டும். விசையை இழுக்கும்போது வெடிக்காத அந்தத் தோட்டாவில் குழல் வாய் சட்டென்று கீழே தாழ்ந்தால், நீங்கள் உதைக்குப் பயந்து முன்கூட்டியே குலுங்குகிறீர்கள் என்று பொருள். இது கோழைத்தனம் அல்ல, உடம்பின் இயல்பு. பழக்கத்தால் குறைக்கலாம், ஆனால் பழகுவதற்கு நிறையச் சுட வேண்டும். அதற்கு உங்களிடம் நேரமும் தோட்டாவுக்குப் பணமும் உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் ரைஃபிளைச் சோதிக்கவே வேண்டியதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தேறினால், அடுத்தது ரைஃபிள். குண்டு இல்லை என்பதை நீங்களே போல்ட்டைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதிசெய்த பிறகே மற்றதெல்லாம்.

பெரிய காலிபரில் முதலில் அடிவாங்குவது இரும்பு அல்ல, மரம். இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றிக் குழலையும் கட்டையையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உதையைத் தாங்கிக் கட்டைக்குள் முட்டி நிற்கும் இரும்பு முண்டுக்குப் பின்னால் உள்ள மரம், மேகசின் பெட்டிக்கும் விசைக்கும் இடையே உள்ள ஒல்லியான மரம், கைப்பிடியின் மேல் இரும்பு வால் முடியும் இடம் ஆகிய மூன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழைபோல் ஒரு வெடிப்பு இருந்தாலும் ஒவ்வொரு குண்டுக்கும் அது வளரும். இரும்பு வாலுக்கும் மரத்துக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். இருபதே குண்டு சுட்ட ரைஃபிளிலும் இந்த வெடிப்பு வரலாம். வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட முடியாது. பிரித்த கையோடு, வழக்கமாகக் கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பாகத்தையும் பாருங்கள். மழையில் நனைந்து அப்படியே உள்ளே வைத்த ரைஃபிளில் துரு அங்கேதான் பிடித்திருக்கும்.

அடுத்து, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு. சுடுதளத்தில் விழுந்ததையே பொறுக்கி வையுங்கள். .375இன் கூட்டுக்கு அடியில் ஒரு பட்டி உண்டு, தோட்டா அறைக்குள் அந்தப் பட்டியை ஊன்றித்தான் நிற்கும். அறை அளவு பிசகியிருந்தால் பட்டிக்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. மீண்டும் மருந்து நிரப்பிச் சுட்டால் அதே இடத்தில் அறுந்துபோகும் அபாயம் உண்டு. கூட்டின் அடியில் உள்ள கேப் தட்டையாகப் பரந்தோ புகை கக்கியோ இருந்தாலும் கவனம் வேண்டும். இதில் சந்தேகம் வந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளவுக் கட்டையால் அறையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய .375கள் சிலவற்றின் அறையைக் குடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றியிருப்பதும் உண்டு. குழலில் பொறித்த பெயரும் வெளியே வந்த கூட்டின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

குழலுக்குள் போல்ட் பக்கமிருந்து ஒளி பாய்ச்சிப் பாருங்கள். கருப்பும் செம்பும் படிந்திருந்தால் கவலை இல்லை, தேய்த்தால் போகும். குழிக் குழியாகத் துரு தின்றிருந்தால்தான் யோசிக்க வேண்டும். வாய் விளிம்பில் பஞ்சைச் சுற்றி இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் மாட்டும்.

சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது சுத்தியல் ஊசி விழுந்தால் அந்த ரைஃபிளைத் தொடவே வேண்டாம். போல்ட்டை வேகமாக அடித்து மூடும்போதும் விழக் கூடாது. மேகசினில் முழுமையாகப் போலித் தோட்டா நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சுடும்போது உதையில் மேகசின் அடித்தட்டு தானாகத் திறந்து தோட்டாக்கள் காலடியில் கொட்டுகின்றனவா என்றும் கவனியுங்கள், இந்த வகையில் அது நடப்பதுண்டு.

வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் 70, 1936இல் வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அதன் போல்ட் வடிவத்தை மாற்றினார்கள். தோட்டாவின் விளிம்பை ஏறும்போதே கவ்விப் பிடிக்கும் பெரிய நகத்தை எடுத்துவிட்டார்கள். 5,81,471 வரையிலான எண்கள் பழைய வடிவம், புதியது 7,00,000இலிருந்து தொடங்கும். நகம் வைத்த போல்ட் 1990களில் திரும்பவும் வந்தது. மூஸுக்கு எது இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் 1964க்கு முந்தையது சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை போகும், அதைப் பாதி விலைக்கு யாராவது தந்தால் அவருக்கு அதன் மதிப்புத் தெரியவில்லை என்று அர்த்தம். தெரிவித்துவிடுங்கள். உடன் வேலை செய்பவரின் குடும்பம் அது.

கூடவே வரும் ஸ்கோப்பை இனாம் என்று மட்டும் எண்ணுங்கள், விலையில் சேர்க்காதீர்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி தராத ஸ்கோப் இந்த உதையில் புருவத்தைக் கிழித்துவிடும். 1.5–5 அல்லது 2–7 போன்ற குறைந்த பெருக்கமே போதும். இரண்டு பெட்டித் தோட்டாவும் கடையில் வாங்கியதா, யாராவது கையால் நிரப்பியதா என்று கேளுங்கள். கையால் நிரப்பியது என்றால் சுடாதீர்கள்.

சட்டம் சுருக்கமாக. போல்ட் இயக்க .375 கனடாவில் கட்டுப்பாடற்ற வகையில் வருகிறது. ஆற்றல் கணக்கில் 10,000 ஜூலைத் தாண்டுபவையே 2020 மே மாதத்திலிருந்து தடைக்கு உள்ளானவை, இது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவுதான். ஆனால் 2022 மே 18 முதல் கட்டுப்பாடற்ற துப்பாக்கியையும் வெறும் கைமாற்றாகத் தர முடியாது. விற்பவர் உங்கள் உரிம விவரத்தைக் கனடியத் துப்பாக்கித் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்து, ஒப்புதல் எண் வாங்கிய பிறகே ரைஃபிள் உங்கள் கைக்கு வர வேண்டும். பழக்கமான குடும்பம்தானே என்று இருவரும் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

என் தீர்ப்பு இது: இந்த இலையுதிர்காலத்து மூஸுக்காக இதை வாங்காதீர்கள். ஒரே ஒரு ரைஃபிள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது பழகிய .30-06ஆகவே இருக்கட்டும், அதே பணத்தில் நல்லதாகக் கிடைக்கும். மிஞ்சுவதைத் தோட்டாவுக்குச் செலவழித்து, சீசன் தொடங்குவதற்குள் நின்றும் மண்டியிட்டும் நிறையச் சுட்டுப் பழகுங்கள். அதற்குப் பிறகும் .375 மனத்தைவிட்டுப் போகாமல், போலித் தோட்டாப் பரீட்சையிலும் தேறி, கட்டையிலும் வெடிப்பு இல்லை என்றால், இரண்டாவது ரைஃபிளாகத் தயங்காமல் வாங்குங்கள்.