தராசு எந்த போர்ட்டில் இருக்கிறது?

கேள்வி: கொழுந்து நிறுக்கும் தராசை யூ.எஸ்.பி. கேபிளால் மடிக்கணினியில் இணைத்து பைத்தனில் எடையைப் பதிகிறேன். காம் 3 என்று எழுதி வைத்தால் மறுநாள் காம் 5 ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

பதில்: எண்ணை நிரலில் எழுதவே வேண்டாம். பைசீரியல் நூலகத்தில் ‘லிஸ்ட்_போர்ட்ஸ்’ பகுதியிலுள்ள ‘காம்போர்ட்ஸ்’ செயற்கூறை அழையுங்கள். கணினிக்குத் தெரிந்த எல்லா சீரியல் போர்ட்டும் பெயர், விவரம், தயாரிப்பாளர் எண் சகிதம் வரும். மலிவான கேபிள்கள் பலவற்றில் சிஎச்340 சிப்தான். அதன் தயாரிப்பாளர் எண் 6790, பொருள் எண் 29987. இந்த இரண்டும் பொருந்தும் போர்ட்டைத் திறந்தால் போதும்.

எண் ஏன் மாறுகிறது? அந்த சிப் பலவற்றில் தனி வரிசை எண் கிடையாது. அதனால் விண்டோஸ் எந்தத் துளையில் செருகினீர்கள் என்பதைப் பார்த்தே காம் எண் தருகிறது. அதே துளையில் செருகினால் பழைய எண்ணே வரும். ஆனால் காலையில் மடுவத்தில் வரிசை நிற்கும்போது துளையை யார் பார்க்கப்போகிறார்கள்!

பட்டியலில் இருப்பதால் போர்ட் சும்மா இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வேறு மென்பொருள் பிடித்து வைத்திருந்தாலும் பெயர் வரும். திறக்கும்போதுதான் அனுமதி மறுப்பு வரும். புளூடூத் போர்ட்டுகளும் இடையில் தலைகாட்டும், விட்டுவிடுங்கள். ஒரே வகைக் கேபிளில் இரண்டு தராசு என்றால் இந்த எண்கள் உதவாது. ‘லொகேஷன்’ விவரத்தைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.